மெல்பேர்னில் ஓர் இரவும் வாப்பாவின் கசட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கடைசியில் ஊரவர்களிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறேன்.

உயர்தரப் பரீட்சைக்காகப் பாடசாலைகள் மூடியிருக்கும் இந்த விடுமுறையில் மெல்பேர்னில் இருக்கும் காக்காவிடம் வந்திருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "சேர், கங்காருவோட ஒரு படம் போடுங்க" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கங்காருவை இன்னும் காணவில்லை. ஆனால் நேற்று முன்தினம், நவம்பர் 16 ஞாயிறு இரவு, பாடசாலைச் சீருடை போட்ட எழுபது வயது மனிதர் ஒருவரைப் பார்த்தேன். அரைக் காற்சட்டை, கழுத்துப் பட்டி, தொப்பி, கையில் கிட்டார். பெயர் அங்கஸ் யங். ஏசி டிசி என்ற ஹார்ட் றொக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர்.

இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளின் சீருடையைச் சரிபார்க்கும் விஞ்ஞான ஆசிரியர் நான். சேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டு ஒருவர் மேடையில் ஓடுவதைப் பார்த்ததும் கை தன்பாட்டில் பிரம்பைத் தேடியது என்று காக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவர் அம்பது வருசமா அதே வகுப்பிலதான் இருக்கார், விடுடா" என்றார்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கொமென்ட்டில் தொடங்க வேண்டாம். அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது எங்கள் வீட்டுக் கதை.

எண்பதுகளில் நம் கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் வீட்டுக்கு ஒருவர் ஸஊதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ இருந்த காலம். எங்கள் வாப்பா ரியாதில் இருந்தார். 1983இல் லீவில் வந்தபோது ஒரு நெஷனல் பனசொனிக் கசட் றேடியோ கொண்டுவந்தார். உம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டார். அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன: ஏசி, டிசி. கரண்ட் இருந்தால் வயரில் பாடும், கரண்ட் போனால் பற்றரியில் பாடும். ஆடலோட்டம், நேரோட்டம் என்று நான் இன்று கரும்பலகையில் எழுதும் இரண்டு சொற்களையும் முதலில் படித்தது அந்த றேடியோவின் முதுகில்தான்.

அந்த றேடியோவில் நாகூர் ஹனீபா பாடினார். அதைவிட அதிகமாக வாப்பா பேசினார். அப்போது வீடுகளில் தொலைபேசி இல்லை. கடிதத்தில் எழுத முடியாததை எல்லாம் வாப்பா கசட்டில் பேசி, லீவில் வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். இரண்டு தரம் மைக்கைத் தட்டுவார். தொண்டையைச் செருமுவார். "கேக்குதா புள்ளைகள்?" என்பார். நாங்கள் எல்லோரும் பாயில் இருந்துகொண்டு "கேக்குது வாப்பா" என்று றேடியோவுக்குப் பதில் சொல்வோம். உம்மா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்பார். அப்படி ஒரு டசின் கசட் அலுமாரியில் இருந்தது.

காக்கா அப்போது பௌதிகவியல் வகுப்புக்கு மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் வந்தார். அங்கே கூடப் படித்த பறங்கிப் பையன் ஒருவரின் வீட்டில் இரண்டு கசட் போடும் செட் இருந்தது. அங்கிருந்து ஒரு நாள் ஒரு கசட்டோடு வந்தார். இரண்டு பக்கத்திலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் ஏசி டிசி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். றேடியோவின் பின்னால் இருப்பதை ஏன் கசட்டில் எழுதியிருக்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அது ஒரு குழுவின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கஸின் அக்கா மார்கரெட் ஒரு தையல் மெசினில் அந்த எழுத்துகளைக் கண்டுதான் அந்தப் பெயரைச் சொன்னாராம். பாடசாலைச் சீருடையில் மேடையேறும் யோசனையும் அவருடையதுதானாம். உலகத்தில் எங்கே போனாலும் ராத்தாமார் சொல்வதுதான் நடக்கிறது.

கசட்டில் இருந்தது "பேக் இன் பிளாக்" என்ற தொகுப்பு. அந்தக் குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரியில் 33 வயதில் இறந்துபோனார். ஐந்து மாதத்தில் பிரையன் ஜோன்சன் என்ற புதிய பாடகரோடு இந்தத் தொகுப்பை வெளியிட்டார்கள். இறந்தவருக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு சாவு மணியோடு தொடங்கும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயது. இங்கிலீஷும் விளங்காது. விளங்கியிருந்தால் வாப்பாவிடம் இன்னும் விரைவாகப் போய்ச் சொல்லியிருப்பேன்!

உம்மா மாமி வீட்டுக்குப் போகும் பின்னேரங்களில் காக்கா அந்தக் கசட்டைப் போடுவார். நான் கதவில் காவல். ஏழு பாட்டு முடிந்து எட்டாவது தொடங்கும்போதே "டக்" என்று நின்றுவிடும். "மற்றப் பக்கம் போடுங்க காக்கா" என்றால், "மற்றப் பக்கம் ஒண்டுமில்ல" என்று கசட்டை எடுத்து நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். என்னைத் தொட விடவே மாட்டார்.

1987இல் காக்காவின் உயர்தரப் பெறுபேறு வந்தபோது வாப்பா லீவில் வந்திருந்தார். மகன் பொறியியலாளர் ஆவான் என்று ரியாதில் வெயிலில் நின்று உழைத்த மனிதர். பெறுபேற்றைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "காக்கா படிக்கிற நேரத்தில என்ன செஞ்சவன்?" என்று கேட்டார்.

யாரும் என்னை அடிக்கவில்லை. மிரட்டவும் இல்லை. வாப்பாவின் நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டு நானாகவே சொன்னேன். நெல் மூட்டையையும் காட்டினேன்.

வாப்பா கசட்டை முற்றத்துக்குக் கொண்டுபோய், நாடாவை விரலில் கொளுவி இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. காக்கா திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். உம்மா எதையும் வீணாக்க மாட்டார். அந்த நாடாவைக் கத்தரிப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டிவிட்டார். காற்றடித்தால் பளபளவென்று ஆடும். பல நாள் ஆடியது.

1989இல் காக்கா வயரிங் வேலை பழகிக் கட்டாருக்குப் போனார். 1996இல் அங்கிருந்து மெல்பேர்ன். வாப்பா 1999இல் வபாத்தானபோது காக்காவால் ஜனாஸாவுக்கு வந்துசேர முடியவில்லை. இந்த முப்பத்தெட்டு வருடமும் நாங்கள் பேசாமல் இருக்கவில்லை. பெருநாளைக்குப் பேசுவோம். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பணம் அனுப்புவார். ஆனால் அந்த நாளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தன் பெறுபேற்றை விடத் தன்னைக் காட்டிக்கொடுத்தவனை அவர் மறந்திருக்க மாட்டார் என்ற பயம் எனக்கு உள்ளே இருந்தது.

இந்த முறை நான் வருகிறேன் என்றதும் காக்கா இரண்டு டிக்கட் எடுத்து வைத்திருந்தார். "வாறியாடா, அந்தப் பழைய ஆக்கள் வாறாங்க" என்று மட்டும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்.

இடம் எம்சிஜி மைதானம். இலங்கையர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே நெஞ்சில் குத்தும். 1995 டிசம்பர் 26இல் முரளிதரனுக்கு நடுவர் ஏழு தரம் நோபோல் சொன்ன இடம். 2010இல் மத்தியூஸும் மாலிங்கவும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு 132 ஓட்டம் சேர்த்து அந்தக் காயத்துக்கு மருந்து போட்டதும் அங்கேதான். ஓர் இலட்சம் பேர் கொள்ளும் அந்த மைதானத்தின் ஒரு முனையில் மேடை போட்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த அப்பாமார், மூட்டு வலியோடு படி ஏறும் ஆட்கள், எல்லோருக்கும் அதே கறுப்பு டீசேர்ட். இங்கே நவம்பரில் எட்டு மணி கடந்துதான் சூரியன் மறைகிறது. ஆசனங்களுக்குப் பின்னால் நடைபாதையில் ஓர் ஓரமாக நின்று இருவரும் மஃரிப் தொழுதோம். காக்காதான் இமாம். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர், உடம்பெல்லாம் பச்சை குத்தியவர், தன் பானக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நான்கடி தள்ளிப்போய் நின்றார். தொழுது முடித்ததும் தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

உள்ளே இருட்டானதும் தலைகளில் எல்லாம் சிவப்பாகக் கொம்புகள் மினுங்கின. ஆயிரக்கணக்கான கொம்புகள். நஊது பில்லாஹ் என்று வாயில் வந்துவிட்டது. "பயப்படாதே, பற்றரிதான். நேரோட்டம்" என்றார் காக்கா.

பிறகு சத்தம் தொடங்கியது. அதை எப்படி எழுதுவது? காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வருகிறது. நெஞ்செலும்பு நடுங்குகிறது. ஒலி அலகு படிப்பிக்கும்போது, ஒலி என்பது அதிர்வு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். இனி அப்படிப் போக முடியாது.

பிரையன் ஜோன்சனுக்கு இப்போது 78 வயது. செவிப்புலன் பாதிக்கப்பட்டு 2016இல் பாதிப் பயணத்தில் மேடையை விட்டு இறங்கியவர். காதுக்குள் வைக்கும் புதிய கருவியின் உதவியோடு திரும்பி வந்தார். உண்மையைச் சொன்னால் பழைய குரல் இல்லை. உயரமான இடங்களில் குரல் அறுந்தது. அறுந்த இடத்தை எல்லாம் சனம் சேர்ந்து பாடி நிரப்பியது. "ஹெல்ஸ் பெல்ஸ்" பாட்டுக்கு மேலிருந்து பெரிய மணி இறங்கியது. சாய்ந்தமருதில் கதவில் காவல் நின்ற பையனுக்கு அந்த மணியோசை தெரியும். காக்கா என் தோளில் கை வைத்தார். பாட்டு முடியும் வரை எடுக்கவில்லை.

என் கண் அங்கஸை விட்டு அடிக்கடி பின்னால் போனது. ஒலிபெருக்கிகளின் பக்கத்தில் அசையாமல் நின்று தாளக் கிட்டார் வாசித்தவர் ஸ்டீவி யங், அங்கஸின் அண்ணன் மகன். அந்த இடம் அங்கஸின் காக்கா மல்கம் யங்கின் இடம். 1973இல் சிட்னியில் இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் அந்த இரண்டு சகோதரர்களும்தான். தம்பி முன்னால் துள்ள, காக்கா பின்னால் நின்று தாளத்தைப் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் மல்கமுக்கு மறதி நோய் வந்தது. தானே உண்டாக்கிய பாட்டுகளை மேடைக்குப் போகுமுன் திரும்பத் திரும்பப் பழக வேண்டியிருந்ததாம். 2017 நவம்பர் 18இல் இறந்தார். இன்றோடு எட்டு வருடம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர்களின் இன்னொரு காக்கா ஜோர்ஜும் இறந்திருந்தார். ஆனால் இரண்டு சகோதரர்களும் சேர்ந்து வாசித்துச் சேர்த்துவைத்திருந்த இசைத் துண்டுகளிலிருந்து 2020இல் அங்கஸ் ஒரு முழுத் தொகுப்பைச் செய்தார். எல்லாப் பாட்டிலும் காக்காவின் பெயரும் இருக்கிறது. பதிவு செய்து வைத்திருந்ததால் அது முடிந்தது.

கடைசியில் பீரங்கி முழங்க எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். பூங்கா வழியாக றிச்மண்ட் நிலையத்துக்கு நடந்தோம். இருவருக்கும் காது அடைத்திருந்தது. இனி எப்போது சொல்வது என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"காக்கா, அந்தக் கசட்ட வாப்பாக்கிட்டக் காட்டிக்குடுத்த நான்தான்."

"என்ன?" என்றார். கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் சொல்லாததை இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது தெரியும்டா. அண்டைக்கு நீ சோறு தின்னல்லயே" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். "ஒனக்குத் தெரியாதது ஒண்டிரிக்கி. அதுட மற்றப் பக்கம் வாப்பாட கடிதம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். புதுக் கசட் வாங்கக் காசில்லை. வாப்பா அனுப்பிய கசட்டுகளில் ஒன்றில் ஒரு பக்கம்தான் பேச்சு, மற்றப் பக்கம் வெறுமை. அந்த வெறுமையான அரை மணித்தியாலத்தில் பாட்டைப் பதிந்திருக்கிறார். அதனால்தான் எட்டாவது பாட்டில் "டக்". உம்மா கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் பிளாஸ்டர். வாப்பாவின் பக்கத்தை அழிக்கவே இல்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்து அந்தப் பக்கத்தையும் கேட்பாராம். "இங்கிலீஷ் பாட்டு ஒரு பக்கம், வாப்பா ஒரு பக்கம். எனக்கு ரெண்டும் வேணும்."

அன்று முற்றத்தில் வாயைத் திறந்தது அதைச் சொல்லத்தான். சொன்னால், வாப்பாவின் கடிதத்தில் பாட்டுப் பதிந்தது தெரிந்துவிடும். அதற்குப் பயந்து மூடிக்கொண்டார். வாப்பா தன் குரலைத் தானே இழுத்து இழுத்து அறுத்தார். அது கத்தரிப் பாத்தியில் குருவி விரட்டியது.

நான் வாயடைத்து நின்றதைப் பார்த்துவிட்டு, "கவலப்படாத. நீ சொல்லாட்டியும் சுனாமியில போயிருக்கும்தானே" என்றார். உண்மைதான். 2004இல் கடல் எங்கள் அலுமாரியைக் கொண்டுபோனது. மீதி எல்லாக் கசட்டும் அதோடு போயின. இன்று வாப்பாவின் குரல் எங்களில் யாரிடமும் இல்லை. என் பிள்ளைகள் அப்பாவின் குரலைக் கேட்டதே இல்லை.

ஆனால் டண்டினோங் ரயிலில் இருந்துகொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். காக்கா சொல்லாத கணக்கு. அந்த ஒரு கசட்டை அவர் கட்டாருக்குக் கொண்டுபோயிருப்பார். மெல்பேர்னுக்கும் கொண்டுவந்திருப்பார். கடல் தொட முடியாத ஒரே கசட் அதுதான். அதைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன். அவருக்கும் அந்தக் கணக்கு தெரியும். தெரிந்துகொண்டேதான் சுனாமியைச் சொன்னார்.

ரயிலில் சனம் குறைந்ததும் காக்கா ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டினார். தொண்டையைச் செருமினார். "கேக்குதா புள்ளைகள்?" என்றார். அப்படியே வாப்பா.

"கேக்குது வாப்பா" என்றேன். ஐம்பது வயதில் ரயிலில் அழுவது வெட்கமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

உறவுகளே, பாடசாலையில் என் மேசை லாச்சியில் பிள்ளைகளிடம் பறித்த பொருட்கள் இருக்கின்றன. இயர்போன், பென்டிரைவ், ஒரு பழைய போன். பாட்டுக் கேட்கிறார்கள், படிக்க மாட்டார்கள் என்று பறித்தவை. வகுப்பு நேரத்தில் பறித்தது பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றின் மற்றப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை. வெளிநாட்டில் இருக்கும் உம்மாவின் குரல் பதிவு அதில் இருக்கக்கூடாதா? பாடசாலை தொடங்கியதும் முதல் வேலையாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

இனி நான் கேட்கும் உதவி. உங்கள் வீட்டு அலுமாரியில், பரணில், பழைய ட்ரங்குப் பெட்டியில் கசட் கடிதங்கள் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நம் கடற்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். இன்னும் கசட் பாடும் றேடியோ யாரிடமாவது இருந்தால் வாங்கி, ஓட விட்டு, போனில் பதிந்துகொள்ளுங்கள். எங்களுக்குப் போனது உங்களுக்கும் போக வேண்டாம்.

எண்பதுகளில் ரியாதில் எங்கள் வாப்பாவோடு ஒரே அறையில் நம் ஊரவர் பலர் இருந்தார்கள். ஒருவர் கடிதம் பேசும்போது மற்றவர்களும் மைக்கில் வந்து ஸலாம் சொல்வார்கள். எங்கள் கசட்டுகளில் உங்கள் வாப்பாமாரின் ஸலாம் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் உங்கள் கசட்டுகளிலும் எங்கள் வாப்பா இருக்கலாம். பாட்டுக் கசட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். எங்காவது இரண்டு தரம் மைக்கைத் தட்டி, செருமி, "கேக்குதா?" என்று ஒரு குரல் வந்தால் எனக்கு உள்பெட்டியில் ஒரு சொல் எழுதுங்கள். ஒரு நிமிடக் குரல் போதும்.

வாப்பாவின் மறுமைக்காகவும் காக்காவின் ஆரோக்கியத்துக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.